ஒரே நடை, அவளுக்கு மட்டும் பூஜ்யம்

பிள்ளைகள் வெளியூர் போனதிலிருந்து காலை நடை எங்கள் இருவருக்கும் வேலை மாதிரி. மருத்துவக் காப்பீட்டுச் செயலி காலடிகளை எண்ணும். குறித்த அளவைத் தாண்டினால் புதுப்பிக்கும்போது பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு. போன வாரம் முழுக்க என் கணக்கு ஏறியது, மனைவியின் கணக்கு 0. நடந்தது என்னவோ சேர்ந்துதான்!

அவள் போனை அணைத்துப் போட்டேன். வெளியேறி மறுபடி உள்நுழைந்தேன். வாடிக்கையாளர் சேவையில் 24 மணி நேரம் பொறுக்கச் சொன்னார்கள். மூன்று நாள் பொறுத்தோம்.

அப்புறம்தான் கவனித்தேன்: போனிலேயே இருக்கும் வேறொரு செயலி அதே நடைக்கு 6,214 காட்டியது. அப்படியானால் சென்சாரில் கோளாறு இல்லை. அமைப்புகளில் காப்பீட்டுச் செயலியின் அனுமதிகளைத் திறந்தால், 'உடல் செயல்பாடு' மறுக்கப்பட்டிருந்தது. முழங்கால் வலியால் சில மாதம் அவள் அதைத் திறக்கவே இல்லை. ஆண்ட்ராய்டு 11 முதல், நெடுநாள் தொடாத செயலிகளின் அனுமதியைப் போனே பறித்துவிடும். திரும்பத் திறந்தபோது இந்தச் செயலியாவது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

அனுமதி கொடுத்து, அதே பக்கத்தின் அடியில் பயன்படுத்தாத செயலிகளுக்கான பொத்தானையும் அணைத்தேன். மறுநாள் காலை என்னைவிட 300 காலடி கூடுதலாகக் காட்டியது. குட்டையான கால், சரிதான்.