தாத்தாவின் துப்பாக்கி பரணில் இருக்கிறதா?

உரிமம் வைத்திருந்த பெரியவர் இறந்துபோகிறார். காரியம் முடிந்ததும் நிலத்துக்குப் பட்டா மாற்றுகிறார்கள், வங்கிக் கணக்கை முடிக்கிறார்கள். பரணில் கிடக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கியை மட்டும் யாரும் நினைப்பதில்லை. "அப்பாவுக்குத்தான் லைசென்ஸ் இருக்கே" என்று மகன் இருந்துவிடுகிறார். நான் முதலில் சொல்ல நினைக்கும் தவறு இதுதான்.

உரிமம் ஆளுக்குத் தருவது. அவர் போனதும் அது வீட்டைக் காப்பாற்றாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைத் தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ரசீது வாங்க மறக்காதீர்கள். அப்புறம், வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். கூடப் பிறந்தவர்களும் மற்ற வாரிசுகளும் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லாத வீடுகளில் விண்ணப்பம் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான். உரிமம் இல்லாமல் வைத்திருந்து பிடிபட்டால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

இதையெல்லாம் பெரியவர் இருக்கும்போதே முடிக்கவும் வழி இருக்கிறது. அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, 25 ஆண்டு அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம் என்கின்றன 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள். இது பலருக்குத் தெரியாமலே போவது எனக்கு வருத்தம்தான்.

"அது துருப்பிடித்தது, சுடாது" என்பார்கள் சிலர். பழுது பார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருந்தால்தான் சட்டத்தில் விலக்கு. அதை நீங்களே முடிவு செய்யாதீர்கள். சுடுமா என்று தோட்டா போட்டுப் பார்ப்பதோ உயிருக்கே ஆபத்து.

எண்ணிக்கையிலும் கவனம் தேவை. முன்பு ஒருவர் 3 துப்பாக்கி வைத்திருக்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 மட்டுமே. பரம்பரையாக வந்தது என்றாலும் இதே கணக்குதான். உங்களிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தால் அப்பாவுடையது உங்கள் பெயருக்கு வராது. உரிமக் காலம் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாகக் கூடியிருக்கிறது. நீண்ட காலம் என்பதாலேயே புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள்.

காட்டுப்பன்றி தோட்டத்தில் இறங்கிவிட்டது என்று பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டாலும் துப்பாக்கியைக் கைமாற்றாதீர்கள். கல்யாணத்திலோ திருவிழாவிலோ வானத்தைப் பார்த்துச் சுடுவதும் குற்றம்தான். யாருக்கும் அடிபடாவிட்டாலும், அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி சுட்டாலே 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போன ரவை எங்காவது இறங்கித்தானே ஆக வேண்டும்?

வீட்டில் தோட்டாவைக் கழற்றித் தனியாகப் பூட்டுங்கள், துப்பாக்கியை இன்னொரு அலமாரியில் பூட்டுங்கள். சாவி இருக்கும் இடம் பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது.