பந்தை விட்டு ஆளைப் பாருங்கள்: என்பிஏ நட்சத்திரங்களை ரசிக்க ஒரு வழி

என்பிஏ என்பது வட அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். அதில் ஓர் ஆட்டம் 48 நிமிடம். களத்தில் பத்துப் பேர், பந்து ஒன்றுதான். எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் பந்து அவர் கையில் இருப்பது சில நிமிடங்களே. கண் பந்தின் பின்னாலேயே ஓடினால் அவர் ஆட்டத்தில் பெரும்பகுதி தவறிப்போகும். எப்போதாவது பார்க்கிறவர்களுக்கு எல்லா ஆட்டமும் ஒரே மாதிரி தெரிவது இதனால்தான்.

ஆட்டம் நான்கு குவார்ட்டர். ஒரு குவார்ட்டருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் குவார்ட்டர் அதற்குத் தோதானது. நட்சத்திரங்கள் தொடக்கத்திலேயே இறங்கிவிடுவார்கள். இரண்டாவது குவார்ட்டரின் முதல் சில நிமிடங்களில் பலர் பெஞ்சில் இருப்பார்கள், அப்போது தேடினால் ஏமாற்றம்தான்.

பதிவு செய்த முழு ஆட்டம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு தாக்குதலுக்கும் 24 விநாடி. அதை எண்ணும் ஷாட் கிளாக் 18 காட்டும்போது நிறுத்தி உங்கள் ஆள் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். 12-ல் மறுபடி நிறுத்துங்கள். ஷாட் விழுந்த பிறகு பத்து விநாடி பின்னால் போய், பந்தைப் பார்க்காமல் அவரை மட்டும் பாருங்கள். ஹைலைட்ஸ் இதற்கு உதவாது. அதில் கடைசி மூன்று நான்கு விநாடிதான் இருக்கும், அந்த ஷாட்டை உருவாக்கிய வேலை முழுக்க வெட்டப்பட்டிருக்கும்.

இந்த முறையில் பார்க்க முதல் ஆள் கோல்டன் ஸ்டேட் அணியின் ஸ்டெஃபன் கர்ரி. 2015-16 பருவத்தில் 402 மூன்று புள்ளி ஷாட்கள், 2025 மார்ச்சில் மொத்தக் கணக்கில் 4,000. இந்த எண்களை எல்லாரும் சொல்வார்கள். அவர் பந்தை இன்னொருவருக்குக் கொடுத்த மறு நொடியைக் கவனியுங்கள். பந்து சக ஆட்டக்காரர் டிரேமண்ட் கிரீன் கைக்குப் போனதும் கர்ரியை மறிக்கும் எதிரணி டிஃபெண்டர் அரை விநாடி பந்தைத் திரும்பிப் பார்ப்பார். அந்த அரை விநாடியில் கர்ரி கிளம்பிவிடுவார். வளையத்துக்கு அடியில் புகுந்து, ஸ்கிரீனாக, அதாவது டிஃபெண்டரை மறித்து நிற்கும் தன் அணிக்காரரைத் தோளோடு தோள் உரசிச் சுற்றி, மூலைக்கு வந்து நிற்கும்போது பந்தும் வந்து சேரும். மூலையில் மூன்று புள்ளிக் கோட்டுக்கும் வளையத்துக்கும் தூரம் 6.70 மீட்டர், நடுவில் 7.24. அங்கே பாதத்தைப் பாருங்கள். விரல்கள் வளையத்தை நேராக நோக்காமல் சற்று இடப்பக்கம் திரும்பியிருக்கும். வலக்கைத் தோள் இறுக்கமில்லாமல் வளையத்துக்கு நேராக வர அது உதவுகிறது.

கர்ரி ஷாட் தவறவிடும் நாளிலும் பார்க்க நிறைய உண்டு. கோட்டுக்கு வெளியே வெகுதூரத்தில் நின்றாலும் அவரை விட்டுவைக்க முடியாது என்பதால் இரண்டு பேர் அவர்மேல் பாய்வார்கள். உடனே பந்து கிரீனுக்குப் போகும். மிச்சம் மூன்று டிஃபெண்டர்கள் நான்கு பேரைச் சமாளிக்க வேண்டும். யாரோ ஒருவர் வளையத்தடியில் சும்மா நின்று லேஅப்பாக, அதாவது வளையத்தின் அருகிலிருந்தே, எளிதில் போடுவார். கர்ரி கணக்கில் எதுவும் ஏறாது, ஆனால் அந்த பாஸ்கெட்டுக்குக் காரணம் அவர்தான்.

நிகோலா யோகிச் இதற்கு நேர் எதிர். 2.11 மீட்டர் உயரம், அதிகம் குதிக்க மாட்டார், வேகமும் கிடையாது. அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2014-ல் 41-ஆவதாக எடுக்கப்பட்டவர். 2021, 2022, 2024 என மூன்று முறை எம்விபி (பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்), 2023-ல் டென்வருக்குச் சாம்பியன் பட்டம். இவர் வளையத்துக்கு எதிரே உள்ள ஃப்ரீ த்ரோ கோட்டின் ஓரத்தில் பந்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்ததும் வீடியோவை நிறுத்துங்கள். கண் ஒரு பக்கம் இருக்கும், பந்து போகப்போவது வேறு பக்கம். பாஸ் எங்கே போகும் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள், பிறகு ஓட விடுங்கள். முதல் சில தடவை பெரும்பாலும் தப்பாகும். காரணம், அவர் ஆள் நிற்கும் இடத்துக்குப் பாஸ் கொடுப்பதில்லை, ஆள் வரப்போகும் இடத்துக்குக் கொடுக்கிறார். சக ஆட்டக்காரர் ஜமால் மரேயோடு அவர் ஆடும் இருவர் ஆட்டத்தையும் இப்படி நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். பந்தைக் கைமாற்றுவதுபோல் நீட்டி, டிஃபெண்டர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்து, கடைசி நொடியில்தான் முடிவெடுப்பார்.

ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் 2024-25 பருவத்தின் எம்விபி, அந்த ஆண்டே ஒக்லஹோமா சிட்டிக்குப் பட்டமும் வாங்கிக் கொடுத்தவர். அவர் ஓடுவதைவிட நிற்பதைப் பாருங்கள். டிஃபெண்டர் பின்வாங்கிக்கொண்டிருக்கும்போது இவர் சட்டென்று நின்றுவிடுவார். டிஃபெண்டர் நிலை திரும்புவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்கும்.

யானிஸ் அன்டெட்டோகும்போ விஷயத்தில் புதிதாகப் பார்க்கிறவர்கள் ஒரு இடத்தில் தடுமாறுவார்கள். "இது டிராவல் இல்லையா?" என்று, அதாவது பந்தைத் தட்டாமல் அதிக அடி வைக்கும் தவறு என்று, தோன்றும். பெரும்பாலும் இல்லை. பந்தைத் தரையில் தட்டும் டிரிபிளை முடித்து அதைக் கையில் அடக்கும் கணத்தில் தரையில் இருக்கும் கால் கணக்கில் வராது, அதன் பிறகு இரண்டு அடி வைக்கலாம். அவர் அடி நீளமாக இருப்பதால் நமக்கு நான்கு அடி போலத் தெரிகிறது. மெதுவாக ஓடவிட்டு எண்ணிப் பாருங்கள்.

நேரலையில் பார்க்க நினைத்தால் நேரக் கணக்கு முக்கியம். நவம்பர் தொடக்கம் முதல் மார்ச் நடுப்பகுதி வரை நியூயார்க்கில் மாலை 7 மணி என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் மறுநாள் விடியற்காலை 5:30. சான் பிரான்சிஸ்கோவில் 7 மணி என்றால் நமக்குக் காலை 8:30. மற்ற மாதங்களில் ஒரு மணி நேரம் குறைத்துக்கொள்ளுங்கள். அலாரம் வைக்கும் முன் அணிகள் வெளியிடும் காயப்பட்டியலைப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் ஆட்டம் வந்தால் ஒன்றில் சில நட்சத்திரங்கள் ஆடாமல் இருப்பதும் உண்டு.

விக்டர் வெம்பன்யாமாவை மட்டும் எதிரணி தாக்கும்போது பாருங்கள். 2.24 மீட்டர் உயரம். ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். எதிரணி ஆள் வளையத்தை நோக்கி உள்ளே புகுந்து, இவரைக் கண்டதும் ஷாட் எடுக்காமல் பந்தை வெளியே கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்கள். ஸ்கோர் ஷீட்டில், ஷாட்டைத் தட்டிவிட்ட பிளாக் மட்டும்தான் வரும், இந்தத் திரும்பிப்போன கணக்கு வராது. கூடவே அவர் கால்களையும் பாருங்கள். என்பிஏ விதிப்படி, யாரையும் கையெட்டும் தூரத்தில் காக்காமல் டிஃபெண்டர் வளையத்தடிப் பகுதிக்குள் மூன்று விநாடிக்கு மேல் நின்றால் எதிரணிக்கு யாரும் மறிக்காமல் எறியும் ஒரு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவர்களுக்கே. அதனால் வெளியே போய், உடனே உள்ளே வந்து, மறுபடி வெளியே போய்க்கொண்டே இருப்பார். பந்து எந்தப் பக்கம் போனாலும் ஒரே தாவலில் வளையத்தை எட்டும் தூரத்தில்தான் இருப்பார்.