14 புளியங்கொட்டையும் 9 கேள்விகளும்: ஊரில் மனச்சோர்வை அளக்கும் முறை

திருவாரூர்ப் பக்கக் கிராமங்களில், மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற கேள்விப் படிவத்தோடு வீடு வீடாகப் போய்க் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். கடந்த 2 வாரத்தைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. தமிழ்ப் படிவம் இலவசமாகவே கிடைக்கிறது, நீங்களாக மொழிபெயர்க்க வேண்டாம். கைபேசியை விடத் தாளும் பேனாவும் மேல். திரையைப் பார்த்துக்கொண்டு கேட்டால் எதிரில் இருப்பவரின் முகம் தப்பிவிடும்.

திண்ணையில் வைத்துக் கேட்காதீர்கள். மாமியார் காதில் விழும் இடத்தில் மருமகள் எல்லாவற்றுக்கும் "இல்லீங்க" என்றுதான் சொல்வார். கொல்லைப்பக்கம் போய்விடுங்கள்.

நான் தடுக்கி விழுந்தது அடுத்த படியில். "சில நாட்கள், பாதி நாட்களுக்கு மேல், கிட்டத்தட்ட தினமும், இதில் எது?" என்று வாசித்தால், "அப்பப்ப இருக்கும் தம்பி" என்பார்கள். நானும் 1 போட்டுக்கொண்டு வந்தேன். ஒரு அக்காவிடம் மறுபடி நிதானமாகக் கேட்டபோதுதான், அவருடைய அப்பப்ப என்பது 12 ராத்திரி தூக்கமில்லாதது என்று தெரிந்தது.

அப்புறம் 14 புளியங்கொட்டையை வரிசையாக வைக்கத் தொடங்கினேன். "தூக்கம் கெட்ட நாளுக்கு ஒண்ணு தள்ளி வைங்கக்கா." 0-1 நகர்ந்தால் 0, 2-6 என்றால் 1, 7-11 என்றால் 2, 12-14 என்றால் 3. நாள் பிடிபடாவிட்டால் நாற்றுப் பறித்த நாள், ஊர்த் திருவிழா என்று அடையாளம் சொல்லுங்கள்.

நடவு சமயத்தில் அசதி எல்லோருக்கும்தானே என்று நீங்களே கழிக்காதீர்கள். சொன்னதை அப்படியே எண்ணி, ஓரத்தில் "நடவு" என்று குறியுங்கள். குறுவை நடவில் ஓர் ஊரையும் சம்பா அறுவடை முடிந்தபின் இன்னோர் ஊரையும் அளந்து ஒப்பிடவும் கூடாது.

மொத்தம் 10 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள். நோய் இதுதான் என்று சொல்ல வேண்டியவர் அவர்.

சாவைப் பற்றிய 9ஆவது கேள்வியை விழுங்கிவிடாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

பின்சேர்க்கை: ஒரே கொட்டை நகர்ந்தால் 0 தானே, விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தார்கள். மற்ற எட்டில் சரி. 9ஆவதில் ஒன்று நகர்ந்தாலும் கணக்கை நிறுத்திவிடுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று கேட்டு, அவர் சம்மதத்தோடு நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி அப்புறப்படுத்துங்கள். கூடவே உட்கார்ந்து 14416க்குப் பேசுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணமில்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள்.