நீளமான ஆங்கிலச் சொல்லை எங்கே வெட்டுவது?

நீளமான ஆங்கிலச் சொல் வந்தால் எழுத்துக் கூட்டி, எல்லா அசைக்கும் (சிலபிள்) ஒரே பலம் கொடுத்து வாசிப்பது நம் வழக்கம். தமிழுக்கு அது சரி. ஆங்கிலத்தில் பல தவறுகள் அங்கிருந்துதான் வருகின்றன.

எழுத்தில் கண்ட உயிருக்கெல்லாம் ஓர் அசை வைக்க வேண்டியதில்லை. 'கம்ஃபர்டபிள்' என்று நாம் நான்காக இழுப்பது, பேச்சில் பெரும்பாலும் மூன்றுதான்: கம்ஃப்-ட-பிள். இறந்தகால வினையும் அப்படித்தான். 'வான்டட்' இரண்டு அசை, காரணம் மூலச்சொல் 'ட்' ஒலியில் முடிகிறது. 'வாக்' அப்படி முடியவில்லை. அதனால் 'வாக்ட்', ஒரே அசை. 'வாக்கெட்' என்று ஒன்று இல்லை. (யாப்பு படித்தவர்கள் கவனிக்க: 'கட' நமக்கு ஒரே நிரையசை, ஆங்கிலக் கணக்கில் இரண்டு.)

பெரிய சறுக்கல் அழுத்தத்தில். 'ஃபோட்டோகிராஃப்' சொல்லில் பலம் முதல் அசைக்கு. அதையே மனதில் வைத்து 'ஃபோட்டோகிராஃபி' என்கிறோம். ஆனால் அங்கே பலம் இரண்டாம் அசைக்குப் போய்விடும்: ஃப-டாக்-ர-ஃபி. முதலில் கம்பீரமாக இருந்த 'ஃபோ' வெறும் 'ஃப' ஆகத் தேய்கிறது. 'ஃபோட்டோகிராஃபிக்' என்றால் பலம் மூன்றாவதில், 'கிராஃ' மேல். ஆகவே நீளச் சொல்லில் முதலில் வாலைப் பாருங்கள். 'இக்', 'ஷன்', 'இட்டி' என்று முடிந்தால் பலம் பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னால் விழும். 'பாலிடிக்ஸ்' போன்ற விலக்குகள் உண்டு. 'மென்ட்', 'நெஸ்' எதையும் நகர்த்தாது. 'டெவலப்மென்ட்' சொல்லில் பலம் 'வெ' மேல்தான்: டி-வெ-லப்-மென்ட். நாமோ 'டெ'யைப் போட்டு அமுக்குகிறோம்.

ஒலிக்கு வெட்டும் இடமும் பொருளுக்கு வெட்டும் இடமும் ஒன்று என்று நம்பக் கூடாது. 'ஹெலிகாப்டர்' என்பதை ஹெலி, காப்டர் என்று பிரிக்கத் தோன்றும். அதன் கிரேக்க வேர்களோ சுருளைக் குறிக்கும் 'ஹெலிக்ஸ்', சிறகைக் குறிக்கும் 'ப்டெரான்'. ஆங்கிலம் பேசுகிறவர்களே தப்பாக வெட்டி 'ஹெலிபேட்' செய்துகொண்டார்கள் என்பது வேறு கதை!

அப்புறம் அகராதி. மெரியம்-வெப்ஸ்டரில் தலைச்சொல்லுக்குள் வரும் புள்ளிகள், வரி முடிவில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்பதற்கு; உச்சரிப்புக்கு அல்ல. உச்சரிப்பு அதன் அருகில் தனியாக இருக்கும். அதில் மேலே நிற்கும் சிறு கோடு, தனக்கு அடுத்து வரும் அசையில் அழுத்தம் என்கிறது. பலர் முந்தைய அசையை அழுத்திவிடுகிறார்கள். சில அமெரிக்க அகராதிகள் கோட்டை அசைக்குப் பின்னால் போடுவதும் உண்டு, முன்னுரையை ஒரு முறை புரட்டிவிடுங்கள்.