முன்பின் தெரியாதவருக்குக் கடிதம்: நான் சறுக்கிய இடங்கள்

மூன்று வருஷத்துக்கு முன்னால், தாம்பரம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு முதல் கடிதம் எழுதினேன். நாங்கள் ஆறேழு பேர், மாதம் ஒரு கடிதம் என்று பேசிவைத்துக்கொண்டு ஆரம்பித்தோம். கடிதம் வந்தால் பிடிக்கும் என்று சொன்னவர்களின் பெயரை மட்டும் இல்லத்தில் கேட்டு வாங்கினோம். வயது, சொந்த ஊர், குடும்பம் எதுவும் தெரியாது. அப்படியிருந்தும் நான் எழுதியது என்ன? 'உங்கள் தனிமையை என்னால் உணர முடிகிறது. கலங்காதீர்கள், நாங்கள் இருக்கிறோம்.' இரண்டு பக்கத்துக்கு இதே ராகம்.

பத்து நாளில், உறையில்லாமல் மடித்து ஒட்டுகிற இன்லாண்டுத் தாளில் பதில் வந்தது. எழுத்து நடுங்கியிருந்தது, விஷயம் நடுங்கவில்லை. 'தனிமை எல்லாம் இங்கே கிடையாது. ரூமுக்கு நாலு பேர். ராத்திரி ஒருத்தி குறட்டை, இன்னொருத்தி ரேடியோ. கொஞ்சம் தனிமை கிடைத்தால் தேவலை. நீ எந்தத் தெருவில் இருக்கிறாய்? காலையில் அங்கே என்னவெல்லாம் விற்றுக்கொண்டு போகிறார்கள்? அதை எழுது.'

வெட்கமாக இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு எழுதிய கடிதங்களுக்கெல்லாம் அந்த நாலு வரிதான் பாடம். தெரியாதவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது பூஜ்யம். நம் கையில் இருப்பது நாம் பார்த்தது, கேட்டது மட்டும்தான். அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, அவருக்கு ஒரு துக்கத்தை நாமே கற்பித்து, அதற்கு ஆறுதலும் நாமே சொல்கிறோம். மற்றத் தவறுகளில் பாதி இதற்குப் பிறந்த பிள்ளைகள்.

ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு 'எல்லாம் சரியாகிவிடும்' என்று எழுதுவதும் இதே ரகம். சரியாகுமா என்பது அவருடைய டாக்டருக்கே நிச்சயமில்லாமல் இருக்கலாம், நமக்கு எப்படித் தெரியும்? அறிவுரையை அறவே விடுங்கள். 'தினமும் நடைப்பயிற்சி செய்யுங்கள்' என்று என் நண்பர் ஒருவர் எழுதினார். கடிதத்தை வாங்கியவருக்கு ஒரு கால் இல்லை.

அடுத்த சிக்கல் தமிழுக்கே உரியது. யாரென்றே தெரியாதவரை எப்படி அழைப்பது? ஆணா பெண்ணா, பெரியவரா சின்னவரா தெரியாமல் நம் மொழியில் வாய் திறப்பதே கஷ்டம். பயத்தில் நாம் பள்ளிக்கூடத்துக்குள் ஓடி ஒளிந்துகொள்கிறோம்: அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா. கடைசியில் 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள'. பார்த்தால் மூன்று நாள் காய்ச்சலுக்கு விடுப்பு விண்ணப்பம் மாதிரி இருக்கும். இன்னொரு கோஷ்டி நேர் எதிர். முதல் வரியிலேயே 'என் உயிர் தோழமையே' என்று தோளில் கை போட்டுவிடுவார்கள். இரண்டுமே படிப்பவரைக் கூச வைக்கும்.

'வணக்கம்' போதும். 'நீங்கள்' போதும். அக்கா, அண்ணா, பாட்டி எல்லாம் அவர் பதில் எழுதி, தன்னைக் காட்டிக்கொண்ட பிறகு தானாக வரும். அந்த அம்மாவுக்கு நான் நாலாவது கடிதத்தில்தான் 'மாமி' போட்டேன், அதுவும் அவர் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டதால். பழைய காலத்து 'நலம், நலமறிய ஆவல்' எனக்குப் பிடிக்கும். கிண்டலுக்காக எழுதாமல் உண்மையிலேயே நலம் கேட்பதாக இருந்தால் தாராளமாக எழுதலாம்.

நடையிலும் இதே தடுமாற்றம் உண்டு. பேச்சு ஒரு தமிழ், எழுத்து ஒரு தமிழ் என்று வளர்ந்தவர்கள் நாம். பேனாவைத் தொட்டதும் 'கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி' என்று கை தானாகப் போகும். முதியோர் இல்லத்தில் பல கடிதங்களைக் கண் தெரியாதவருக்காக வேறொருவர் உரக்கப் படிக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இப்போது எழுதி முடித்ததும் ஒரு தரம் வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை வெட்டிவிடுவேன். எழுத்தைப் பெரிதாக, வரிக்கு வரி இடம்விட்டு எழுதுவதும் அதன் பிறகு வந்த பழக்கம்.

இனி, என்ன எழுதுவது. 'என் வாழ்க்கையில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லையே' என்று பலர் பேனாவை மூடிவிடுகிறார்கள். அல்லது நடந்ததை எழுதாமல் அதிலிருந்து பிழிந்த தத்துவத்தை மட்டும் எழுதுகிறார்கள். எங்கள் குழுவில் ஒருவர் எழுதிய முதல் வரைவு இது:

'இன்று சென்னையில் நல்ல மழை. இயற்கைதான் எவ்வளவு அழகு! வாழ்க்கையும் மழை போலத்தான். வரும், போகும்.'

இதை எந்த ஊரிலிருந்தும், எந்த வருஷத்திலும், ஜன்னலைத் திறக்காமலே எழுதலாம். சாயங்காலம் எங்கே இருந்தீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுக் கேட்டு வாங்கியதில் இரண்டாம் வரைவு இப்படி வந்தது:

'சாயங்காலம் மாம்பலம் ஸ்டேஷன் படியில் மழைக்கு ஒதுங்கினோம். நாற்பது, ஐம்பது பேர் இருப்போம். பூக்காரம்மா தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்துப் பூக்கூடை மேல் மூடிவிட்டு, தான் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். முழம் முப்பது ரூபாய் என்றார். ரங்கநாதன் தெருவில் அன்றைக்குப் பேரம் பேசாமல் ஒரு பொருள் விற்றது என்றால் அந்தப் பூதான்.'

இரண்டாவதில் அழகு, வாழ்க்கை என்ற சொற்களே இல்லை. தேவைப்படவும் இல்லை. ஒரு கடிதத்துக்கு இப்படி ஒரு காட்சி தாராளம். பீச் ஸ்டேஷனில் ஏறி தாம்பரம் வரை பார்த்ததையெல்லாம் ஒரே கடிதத்தில் திணித்தால் எதுவும் மனதில் நிற்காது. நான் அந்த மாமிக்கு எழுதிய இரண்டாம் கடிதம் முழுக்க எங்கள் தெருவுக்குக் கோலமாவு விற்க வருபவரின் குரல் மட்டும்தான். சைக்கிளில் வருவார். 'கோல' என்பது காதிலேயே விழாது, 'மாஆஆவ்' மட்டும் மூன்று வீடு தாண்டி வரும். பக்கத்து வீட்டுக் குழந்தை வெகுநாள் அவரைப் பசுமாடு என்றே நினைத்துக்கொண்டிருந்தது.

பார்த்ததை எழுதுவதிலும் ஓர் எல்லை உண்டு. மின்சார ரயிலில் எதிர் சீட்டில் ஒரு பெண் போனில் அழுதுகொண்டு வந்தார் என்று வையுங்கள். அது அவருடைய அழுகை. ஏறிய ஸ்டேஷன், கம்பெனி அடையாள அட்டை, போனில் சொன்ன பெயர் என்று விவரம் விவரமாக எழுதினால் அது வம்பு. அந்த அழுகைக்கு நடுவில் எதிரே இருந்த பாட்டி ஒன்றும் பேசாமல் ஓர் ஆரஞ்சை உரித்துப் பாதியை நீட்டியதை மட்டும் எழுதலாம். பதில் கடிதத்தைப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போடுவது அதைவிட மோசம். கேட்காமல் போடாதீர்கள். நான் கேட்டும் போடமாட்டேன்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. பஸ்ஸிலோ ரயிலிலோ முன்பின் தெரியாத பெண் கையில் கடிதத்தைக் கொடுக்காதீர்கள். உள்ளே நீங்கள் என்ன எழுதியிருந்தாலும், இந்த ஊரில் அந்தக் காகிதத்துக்கு ஒரே அர்த்தம்தான். பிரித்துப் படிக்கும்வரை அவர் படும் பயத்துக்கு யார் பொறுப்பு? கடிதம் வேண்டும் என்று சொன்னவருக்குத்தான் எழுத வேண்டும். அதே போல் உங்கள் வீட்டு விலாசத்தையும் முதல் கடிதத்திலேயே கொடுக்கத் தேவையில்லை. தபால் நிலையத்தில் போஸ்ட் பாக்ஸ் எடுக்கலாம். நாங்கள் ஒரு நண்பரின் கடை விலாசத்தை எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கிறோம்.

பதிலை எதிர்பார்த்து நாள் எண்ணுவதும் தப்புதான், ஆனால் அதைச் செய்யாதவர் யாருமில்லை. போஸ்ட்கிராசிங் என்று ஒன்று 2005-இல் போர்ச்சுகலில் தொடங்கி இன்றும் நடக்கிறது. உலகத்தில் எங்கோ இருக்கும் ஒருவரின் விலாசம் உங்களுக்கு வரும், அவருக்கு ஒரு படஅட்டை அனுப்புகிறீர்கள். உங்களுக்கு அட்டை வரும், ஆனால் அவரிடமிருந்து அல்ல, வேறு யாரிடமிருந்தோ. அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. பதில் வராவிட்டால் 'என் கடிதம் கிடைத்ததா?' என்று கேட்டு இன்னொன்று எழுதாதீர்கள். கடன்காரன் வாசலில் நிற்பது போல் இருக்கும். எழுதத் தோன்றினால் புதிதாக ஒன்றைப் பார்த்து எழுதுங்கள்.

கடைசியாகத் தபால் விவகாரம். இதில் கோட்டை விட்டால் மேலே சொன்னது அத்தனையும் வீண். சாதாரண உறையில் 5 ரூபாய் ஸ்டாம்புக்கு 20 கிராம் வரைதான் கணக்கு. ஒரு ஏ4 தாள் சுமார் 5 கிராம். மூன்று தாள், உறை, பசை சேர்ந்தாலே எல்லைக்கு வந்துவிடுவீர்கள். உருக்கமாக ஆறு தாள் எழுதி ஸ்டாம்பைக் குறைத்து ஒட்டினால், குறைந்த தொகையைப் போல் இரண்டு மடங்கை வாங்குபவரிடம் வசூலிப்பார்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பிய அன்புக்கு அவர் ஏன் காசு கட்ட வேண்டும்? இன்லாண்டுக்குள் காய்ந்த பூ, புகைப்படம் என்று எதையும் வைக்கக் கூடாது, அதிலேயே அச்சடித்திருக்கும். 'சென்னை-33' என்று பழைய வழக்கில் எழுதாமல் 600033 என்று ஆறு இலக்கமும் எழுதுங்கள். 1972 ஆகஸ்ட் 15-இல் வந்த முறை இது. முதல் மூன்று எண் எந்த ஊர்ப் பக்கம் பிரிப்பது என்பதற்கு, கடைசி மூன்று எந்தத் தபால் நிலையம் என்பதற்கு. ஐப்பசி, கார்த்திகையில் விலாசத்தை மைப்பேனாவால் எழுதவே எழுதாதீர்கள். ஒரு மழைத்துளி போதும், வீட்டு எண் கரைந்துபோக. பால்பாயின்ட்தான் சரி.

இன்லாண்டில் இன்னொன்று. இடம் போதவில்லை என்று ஒட்டுகிற மடிப்பின் ஓரம் வரை எழுதிக்கொண்டே போவோம். பிரிக்கும்போது அந்த ஓரம்தான் கிழியும். போன மாதம் மாமியின் கடிதத்தை அவசரத்தில் விரலை விட்டுப் பிரித்தேன். கோலமாவுக்காரரை விசாரித்திருந்தார், குறட்டை மாமி வேறு ரூமுக்கு மாறிவிட்டதாகவும் எழுதியிருந்தார். கடைசி வரி மடிப்போரத்தில் இருந்தது. 'அடுத்த தடவை எழுதும்போது மறக்காமல்' என்பது வரைக்கும் என் கையில் இருக்கிறது. மிச்சம் பசையோடு சுருண்டு வந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு 'க' மட்டும் தெரிகிறது. எதை மறக்கக் கூடாது என்று கேட்டு நேற்றுத்தான் பதில் போட்டிருக்கிறேன்.