சென்டர் ஸ்டாண்டைக் கழற்றுவதா, வைத்துக்கொள்வதா?

சென்டர் ஸ்டாண்டு வேண்டாம் என்பவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் நான்குதான். வளைவில் தரையை உரசுகிறது, வேகத்தடையில் இடிக்கிறது, ஓடும்போது கடகடக்கிறது, போடுவதற்குள் இடுப்பு ஒடிகிறது. இவற்றில் பாதிக்கு மேல் பராமரிப்பு இல்லாததால் வருபவை. அவற்றைச் சரிசெய்த பிறகும் உரசல் நிற்காவிட்டால்தான் கழற்றும் பேச்சு.

எடை குறையும் என்பதற்காக மட்டும் கழற்றுவதில் அர்த்தமில்லை. சாதாரண வண்டியின் ஸ்டாண்டு ஏறக்குறைய 3 கிலோ இருக்கும். அது 4 லிட்டர் பெட்ரோலின் எடை. டேங்க் பாதி காலியாக இருக்கும்போது வண்டி எவ்வளவு இலகுவாகத் தெரிகிறதோ அவ்வளவுதான் லாபம். அந்த எடையும் வண்டியின் அடியில், தரைக்கு அருகே இருப்பதால் ஓட்டத்தில் பெரிதாக உறைக்காது.

முதலில் பழுதா என்று பாருங்கள்

எஞ்சினும் சைலன்சரும் ஆறட்டும். வண்டியைச் சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, வலது பக்கமாகக் குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கீறல் எங்கே விழுந்திருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். காலால் மிதிக்கும் கம்பியின் நுனி மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் இடது வளைவில் உரசுகிறது. இரண்டு கால்களின் அடிப்பக்கமும் கீறியிருந்தால் மேடு பள்ளத்தில் வண்டி அமுங்கும்போது இடிக்கிறது. ஒரு கால் மட்டும் கீறியிருந்தால் ஸ்டாண்டு வளைந்திருக்கலாம். மிதிகம்பி வெளியே வளைந்து நிற்பது அடிக்கடி பார்க்கும் பழுது. வண்டி ஒருமுறை கீழே விழுந்தாலே போதும், வளைந்துவிடும்.

அடுத்து ஸ்பிரிங். மடங்கியிருக்கும் ஸ்டாண்டைக் கையால் நான்கு விரல் அளவு கீழே இழுத்து விடுங்கள். டக்கென்று மேலே போய் ஒட்ட வேண்டும். சோம்பலாகப் போனால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது அல்லது ஸ்டாண்டு சுழலும் அச்சில் துரு ஏறியிருக்கிறது. எது என்று பிரித்தறிய ஸ்பிரிங்கைக் கழற்றி (முறை கடைசிப் பகுதியில்) ஸ்டாண்டை ஆட்டுங்கள். தன் எடையிலேயே தாராளமாக ஊசலாடினால் ஸ்பிரிங்கை மாற்றினால் போதும்; இறுகி நின்றால் அச்சைப் பிரித்துத் துருவைத் தேய்த்தெடுத்து கிரீஸ் வைக்க வேண்டும். ஸ்பிரிங் விஷயத்தில் அலட்சியம் கூடாது. தளர்ந்த ஸ்பிரிங் இருந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டாண்டு கீழே துள்ளி இறங்கும். வளைவில் சாய்ந்திருக்கும் நேரம் பார்த்து இறங்கினால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும்.

கடகட சத்தத்துக்கு முக்கால்வாசி காரணம் ஸ்டாப்பர் ரப்பர். ஸ்டாண்டு மேலே போய் முட்டும் இடத்தில், பல வண்டிகளில் சைலன்சரின் மேலேயே, கட்டைவிரல் அளவு ரப்பர் ஒன்று இருக்கும். சூட்டில் கெட்டிப்பட்டு வெடித்து எங்கோ விழுந்துவிடும். அதன் பிறகு இரும்பு இரும்போடு மோதுகிறது. வேறு கம்பெனி சைலன்சர் போட்டவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். புது சைலன்சரில் ஸ்டாப்பர் இல்லாவிட்டால் ஸ்டாண்டு அளவுக்கு மேல் ஏறி, செயினையோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையோ தொட்டுக்கொண்டு நிற்கும். ரப்பர் நன்றாக இருந்தும் சத்தம் வந்தால் ஸ்டாண்டின் காலைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். தாராளமாக ஆடினால் அச்சைச் சுற்றியிருக்கும் குழாய் வளையமான புஷ் தேய்ந்துவிட்டது.

பின்னால் ஆள் ஏறினால் மட்டும் இடிக்கிறது என்றால் ஸ்டாண்டைத் திட்டாதீர்கள். பின் ஷாக் அப்சார்பரின் ப்ரீலோடை (அதன் ஸ்பிரிங்கின் ஆரம்ப அழுத்தத்தை) ஒன்றிரண்டு படி ஏற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஷாக்கே தளர்ந்துவிட்டது என்று பொருள்.

போட முடியவில்லை என்பவர்களுக்கு

தூக்குவதால்தான் முடியவில்லை, தூக்கவே கூடாது. வண்டியின் இடது பக்கம் நின்று, நியூட்ரலில், ஹேண்டில்பாரை நேராக வைத்து, இடது கையால் இடது பிடியையும் வலது கையால் சீட்டுக்குக் கீழே உள்ள கைப்பிடியையும் பிடியுங்கள். மிதிகம்பியை மெல்ல அழுத்தி, ஸ்டாண்டின் இரண்டு கால்களும் தரையைத் தொடும் வரை வண்டியை இப்படி அப்படி நிமிர்த்துங்கள். இரண்டும் பட்டதும் கம்பி வழியாகத் தெரியும். வண்டி ஆடாமல் நிற்கும். அதன் பிறகு உங்கள் முழு எடையையும் மிதிகம்பி மேல் இருக்கும் உங்கள் காலில் ஏற்றி மிதியுங்கள். வலது கை பின்னோக்கி வழிகாட்டினால் போதும். ஸ்டாண்டின் ஒரு கால் மட்டும் தரையில் பட்ட நிலையில் மிதிப்பதால்தான் வண்டி மறுபக்கம் சாய்கிறது.

அப்படியும் கனமாக இருந்தால் பின்சக்கரத்தை 2 செ.மீ. தடிமன் பலகை மேல் ஏற்றிவிட்டுப் போடுங்கள். உயரத்தைக் குறைக்கக் குட்டை ஷாக் போட்ட வண்டிகளில் இந்தக் கஷ்டம் நிரந்தரம். ஏனென்றால் ஸ்டாண்டு தரையைத் தொடும்போதே மிகவும் படுத்திருக்கும். அங்கிருந்து வண்டி ஏற வேண்டிய தூரம் அதிகம். இதற்கு நேர்மாறான பழுதும் உண்டு. சுலபமாகப் போட முடியும், ஆனால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பாது. ஸ்டாண்டின் பாதங்கள் தேய்ந்திருக்கும், அல்லது உயரமான டயர் போட்டிருப்பீர்கள். பாதத்தின் அடியில் 5 மி.மீ. இரும்புத் தகடு பற்றவைத்தால் தீரும்.

யாருக்குக் கட்டாயம் வேண்டும்

செயின் வெளியே தெரியும் வண்டியை வைத்துக்கொண்டு, வீட்டிலேயே பராமரிப்பவர்கள் கழற்றாதீர்கள். 500 முதல் 1000 கி.மீ.க்கு ஒருமுறை செயினைத் துடைத்து எண்ணெய் விட வேண்டியிருக்கிறது. பின்சக்கரம் அந்தரத்தில் இருந்தால் பத்து நிமிட வேலை. எஞ்சினை அணைத்து, நியூட்ரலில், சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கியரில் ஓடவிட்டுத் துணி பிடிக்கும் பழக்கம் விரலை ஸ்பிராக்கெட்டுக்குள் (செயின் ஓடும் பல்சக்கரத்துக்குள்) இழுத்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம். சக்கரம் தொங்கும்போது செயின் தொய்வு, தரையில் நிற்கும்போது இருப்பதிலிருந்து மாறும். முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். தொங்கும்போது பொதுவாகத் தளர்ந்து தெரியும். எந்த ஸ்டாண்டில் வைத்து அளக்க வேண்டும் என்று மேன்யுவலில் எழுதியிருப்பார்கள். அதைப் பார்க்காமல் இறுக்கிவிட்டால், ஆள் ஏறியதும் செயின் விறைத்து கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்றுவிடும்.

டியூப் உள்ள டயருடன் தனியாக நெடுந்தூரம் போகிறவர்களும் வைத்துக்கொள்ள வேண்டும். வழியில் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். டியூப்லெஸ் டயரில் கழற்றாமலே ஒட்டலாம் என்றாலும், ஆணி எங்கே ஏறியிருக்கிறது என்று தேடச் சக்கரம் சுற்ற வேண்டுமே. எஞ்சின் ஆயில் அளவை வண்டியை நிமிர்த்திப் பார்ப்பதற்கும், மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதற்கும், நெருக்கமான இடத்தில் பார்க்கிங் செய்வதற்கும் இது வசதி.

கரடுமுரடான பாதையில் கற்களுக்கு மேல் ஓட்டுபவர்கள், டிராக்கில் ஓட்டுபவர்கள், செயினுக்குப் பதில் பெல்ட் அல்லது ஷாஃப்ட் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள், ஏற்கெனவே பேடாக் ஸ்டாண்டு (பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் தனி ஸ்டாண்டு) வாங்கி வைத்திருப்பவர்கள் தயங்காமல் கழற்றலாம். ஸ்கூட்டரில் மட்டும் கை வைக்காதீர்கள். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்த அதில் வேறு சுலபமான வழி இல்லை.

கழற்றும் முறை

தேவையானவை: ரிங் ஸ்பேனர், சாக்கெட் செட், துரு இளக்கும் எண்ணெய், நோஸ் பிளையர், பத்துப் பதினைந்து தட்டையான வாஷர், கண்ணாடி. கண்ணாடி கண்ணுக்கு, ஸ்பிரிங் தெறித்தால் முகத்துக்குத்தான் வரும்.

முந்தைய நாள் இரவே அச்சு போல்ட்டுகளில் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். மறுநாள், எதையும் தொடுவதற்கு முன் ஸ்பிரிங் கொக்கிகள் எந்தப் பக்கம் பார்த்து மாட்டியிருக்கின்றன என்பதை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் இருக்கும்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டால் ஸ்பிரிங் நீண்டு சுருள்களுக்கு நடுவே இடைவெளி விழும். ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு வாஷரைச் செருகுங்கள். இப்போது வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கிச் சைடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வாஷர்கள் இருப்பதால் ஸ்பிரிங் சுருங்க முடியாமல் தொளதொளவென்று நிற்கும்; பிளையரால் கொக்கியைத் தள்ளினாலே கழன்றுவிடும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்புவதை விட இது எவ்வளவோ பாதுகாப்பு. கழற்றிய ஸ்பிரிங்கிலிருந்து வாஷர்களை எடுக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சு இரண்டு விதம். இருபுறமும் தனித்தனி போல்ட்டு இருந்தால் நட்டைக் கழற்றி ஒவ்வொன்றாக உருவலாம். ஒரே நீளமான தண்டாக இருந்தால் ஒரு முனையில் ஸ்பிளிட் பின் (ஓட்டையில் விட்டு நுனியை வளைத்த கம்பி ஊசி) இருக்கும். அதை நிமிர்த்தி இழுத்துவிட்டு, தண்டை மறுபக்கம் தட்டி எடுக்க வேண்டும். சைலன்சர் குறுக்கே நின்றால் அதன் பின் போல்ட்டைக் கழற்றிச் சற்றே விலக்குங்கள்.

நின்று கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: சில வண்டிகளில் அந்த அச்சு சென்டர் ஸ்டாண்டுக்கு மட்டுமானது அல்ல. பிரேக் பெடல், சைடு ஸ்டாண்டு பிராக்கெட், ஃபுட்ரெஸ்ட் கம்பி, சைலன்சர் பிடி ஆகியவற்றில் ஏதாவது அதே போல்ட்டில் தொங்கலாம். பிரேக் பெடலின் ரிட்டர்ன் ஸ்பிரிங் ஸ்டாண்டின் காதில் மாட்டியிருப்பதும் உண்டு. அப்படி இருந்தால் தண்டையும் புஷ்ஷையும் அதே இடத்தில் திரும்பப் போட்டு, ஸ்டாண்டு இருந்த இடைவெளியை அதே அகலமுள்ள ஸ்பேசரால் நிரப்பி, மேன்யுவலில் சொன்ன டார்க்கில் (இறுக்கும் விசை அளவில்) இறுக்க வேண்டும்.

கழற்றியதும் பிரேக் பெடலை மிதித்து விட்டுப் பாருங்கள். தானாக மேலே வர வேண்டும், பிரேக் லைட் அணைய வேண்டும். காலியான ஓட்டைகளில் கிரீஸ் தடவி ரப்பர் மூடி போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் துரு உள்ளே போய்விடும்.

அதன் பிறகு முழு எடையும் சைடு ஸ்டாண்டில். அதன் அச்சு போல்ட்டை மாதம் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் ஃபுட்ரெஸ்டில் ஏறி நிற்காதீர்கள். பிராக்கெட் வளைந்தால் வெல்டிங் வரை போகும். சரிவில் முன்பக்கம் மேட்டைப் பார்த்து, முதல் கியரில் நிறுத்துங்கள். பேடாக் ஸ்டாண்டுக்கு ஸ்விங் ஆர்மில் ஸ்பூல் (ஸ்டாண்டின் கொக்கி தாங்கும் உருளைக் குமிழ்) வேண்டும். ஓட்டையின் மரை எம்6, எம்8, எம்10 என்று வண்டிக்கு வண்டி மாறும், அளந்துவிட்டு வாங்குங்கள். ஓட்டை இல்லாத ஸ்விங் ஆர்முக்கு எல் வடிவ ரப்பர் தாங்கி கிடைக்கிறது. தனியாளாக ஏற்றும்போது முன் பிரேக் லீவரை ரப்பர் பட்டையால் கட்டிவிட்டால் வண்டி உருளாது.

கழற்றிய ஸ்டாண்டு, ஸ்பிரிங், போல்ட்டு, வாஷர் எல்லாவற்றையும் எண்ணெய் தடவி ஒரே பையில் கட்டி வையுங்கள். திரும்ப மாட்டும்போது பழைய ஸ்பிளிட் பின்னையும் நைலான் வளையம் தேய்ந்த நட்டையும் பயன்படுத்தாமல் புதிது போடுங்கள்.