எதிரே ஆள் இருக்க வேண்டும்: புதிதாக நோட்டரி ஆனவர்களுக்கு

பெரியகுளத்தில் 2012 முதல் நோட்டரியாக, அதாவது ஆவணங்களைச் சரிபார்த்து முத்திரையிட்டுச் சான்றளிப்பவராக, இருக்கிறேன். வழக்கறிஞராக 10 ஆண்டு தொழில் செய்தவர்கள்தான் விண்ணப்பிக்க முடியும். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் 7 ஆண்டு போதும். நான் ஏழாம் ஆண்டு முடிந்த கையோடு விண்ணப்பித்தேன். சான்றிதழ் வந்தது, முத்திரை செய்யக் கொடுத்தேன், வாசலில் பலகை மாட்டினேன். வேலையை எப்படிச் செய்வது என்று மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அதனால் என் ஜூனியர்கள் யாராவது நோட்டரி ஆனால், ஒரு வாரம் என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவேன். அங்கே சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் பாடம் நான் செய்த தவறிலிருந்து வந்தது. நோட்டரியான முதல் வருடம். ஒரு நாள் மாலை ஐந்தரை மணிக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரின் குமாஸ்தா ஒரு அபிடவிட்டோடு (சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் பிரமாணப் பத்திரம்) வந்தார். "ஐயா கீழ கார்ல இருக்கார் மேடம். கால் வலி, மாடி ஏற முடியல" என்றார். தாளில் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. நான் முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டேன். மகளுக்குச் சேர வேண்டியதை நகையாகவே கொடுத்துவிட்டேன் என்று அந்தப் பெரியவர் சொல்வதாக எழுதியிருந்த தாள் அது. இரண்டு ஆண்டு கழித்து எனக்குச் சம்மன் வந்தது. நான் முத்திரை போட்ட அன்று அவர் மதுரையில் ஒரு மருத்துவமனையில் உள்நோயாளியாகப் படுத்திருந்திருக்கிறார். சாட்சிக் கூண்டில் நிற்கிறேன். மகளின் வக்கீல், "பதிவேட்டில் அவர் கையெழுத்து எங்கே?" என்று கேட்டார். அந்தக் கட்டம் காலியாக இருந்தது. அந்தப் பெண்ணுக்குப் பங்கு கிடைத்தது, ஆனால் என் முத்திரை குறுக்கே நின்றதால் தாமதமாகத்தான் கிடைத்தது. அவர் நீதிமன்ற வராந்தாவில் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்போது மாடி ஏற முடியாதவர் என்றால் நானே இறங்கிப் போகிறேன், பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு. கார் கதவைத் திறந்து, அவர் முகத்தைப் பார்த்து, அடையாள அட்டையோடு ஒப்பிட்டு, என் எதிரே கையெழுத்துப் போடச் சொல்கிறேன். வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தால் பக்கத்தில் மறுபடியும் போடச் சொல்வேன். "என் முன்னிலையில்" என்று எழுதிவிட்டுக் கீழே நாம் கையெழுத்துப் போடுகிறோம். அந்த இரண்டு சொல்லும் பொய்யானால் முத்திரைக்கு மதிப்பில்லை.

அடையாளத்துக்கு அசல் அட்டையைக் கேளுங்கள். போனில் இருக்கும் படம் வேண்டாம். ஆதார் என்றால் கடைசி நான்கு எண்களை மட்டும் குறித்துக்கொள்கிறேன்; முழு எண்ணையும் பதிவேட்டில் எழுதி வைப்பது வந்தவருக்கு நல்லதல்ல.

பதிவேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1956-ஆம் ஆண்டு நோட்டரி விதிகளில் அதற்கென்று தனிப் படிவமே இருக்கிறது, 15-ஆம் படிவம். வரிசை எண், தேதி, என்ன வேலை, யார், ஆவணம் எதைப் பற்றியது, வாங்கிய கட்டணம், வந்தவர் கையெழுத்து, நம் கையெழுத்து. பலர் சாயங்காலம் உட்கார்ந்து மொத்தமாக எழுதுகிறார்கள். அப்படி எழுதும்போது வந்தவர் கையெழுத்து எப்படிக் கிடைக்கும்? என் மேசையில் வரிசை மாறாது. முதலில் பதிவேட்டில் எழுதுவேன், அப்புறம் அவர் கையெழுத்து, அப்புறம் ஆவணத்தில் பதிவேட்டு எண், கடைசியாகத்தான் முத்திரை. நடுவே வரி விட்டு வைக்காதீர்கள். காலி வரி இருப்பது தெரிந்தால், போன மாதத் தேதியில் ஒன்று போட்டுத் தரச் சொல்லி யாராவது கட்டாயம் வருவார்கள். வரியே இல்லை என்றால் பதிவேட்டைத் திறந்து காட்டி, முடியாது என்று சொல்லிவிடலாம். இந்தப் பதிவேட்டை மாவட்ட நீதிபதி ஆய்வுக்குக் கேட்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். கட்டணத்துக்கு ரசீது கொடுக்க வேண்டும். கட்டண விவரத்தை அலுவலகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். இரண்டும் விதியில் இருக்கிறது. இரண்டையும் ஒழுங்காகச் செய்பவர்கள் குறைவு.

அடுத்தது, படித்துக் காட்டுவது. எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் வேலை இதுதான். எங்கள் பக்கத்தில் மாந்தோப்புகள் அதிகம், அதைச் சுற்றிச் சண்டைகளும் அதிகம். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு பாட்டியை அவர் இளைய மகன் கூட்டி வந்தார். ஆவணம் ஆங்கிலத்தில் டைப் செய்யப்பட்டிருந்தது. மகனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "எதுக்கு வந்திருக்கீங்க பாட்டி?" என்று கேட்டேன். "முதியோர் பணம் நின்னு போச்சாம், அதுக்கு எழுதித் தரணும்னு தம்பி சொல்லுச்சு" என்றார். என் கையில் இருந்தது தோப்பை விற்கும் அதிகாரத்தை மகனுக்குக் கொடுக்கும் பொது அதிகாரப் பத்திரம். தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். பாட்டி ஒன்றும் பேசவில்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் முத்திரை போடவில்லை.

ஆகவே, வயதானவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வந்தால் கூட வந்தவரை வெளியே அனுப்புங்கள். "இதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா?" என்று மட்டும் கேட்டால் தலையாட்டிவிடுவார்கள். "எதுக்காக வந்தீங்க?" என்று கேளுங்கள், அவர்கள் வாயாலேயே வரட்டும். ரேகை வைத்தால் அதன் கீழே யாருடைய இடது பெருவிரல் ரேகை என்று பெயர் எழுதுங்கள். பிறகு சான்றுரையில், தமிழில் படித்துக் காட்டி விளக்கினேன், புரிந்துகொண்டு சரியென்று ஒப்புக்கொண்ட பிறகு என் முன்னிலையில் ரேகை வைத்தார் என்று முழுதாக எழுதுங்கள். இதை ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து வைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்டாம்ப் இருந்தால், படிக்காமலே குத்தும் நாள் ஒன்று வந்துவிடும்.

அந்தப் பாட்டி விஷயத்தில் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அசையாச் சொத்து பற்றிய அதிகாரப் பத்திரம் (பவர்), கிரைய ஒப்பந்தம் இரண்டுமே 2012-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கட்டாயம் பதிவாக வேண்டியவை. வெளிநாட்டில் எழுதிக் கொடுத்த பவருக்கு மட்டும் இதில் விலக்கு. நோட்டரி முத்திரை இருக்கிறதே என்று நம்பிப் பணம் கொடுத்து ஏமாந்தவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். இப்படி ஒரு தாள் வந்தால், "இது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டியது, என் முத்திரையால் உங்களுக்குப் பயனில்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்புவதும் நம் வேலைதான்.

கல்யாணப் பத்திரமும் இப்படித்தான். போன வருடம் ஒரு பையனும் பெண்ணும் முத்திரைத்தாளோடு வந்தார்கள். நோட்டரி போட்டால் கல்யாணம் செல்லும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். திருமணத்தையோ விவாகரத்தையோ பத்திரமாக எழுதிச் சான்றளிக்க நோட்டரிக்கு அதிகாரமில்லை என்று மத்திய சட்ட அமைச்சகம் 2024 அக்டோபரில் எழுத்திலேயே சொல்லிவிட்டது. சிறப்புத் திருமணச் சட்டம் பற்றியும், அதில் 30 நாள் நோட்டீஸ் உண்டு என்பதையும் விளக்கி, தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். பாதுகாப்பு கேட்டு வரும் பிள்ளைகளிடம் உதவாத தாளைக் கொடுத்து அனுப்பக் கூடாது.

நகல் சான்றளிப்பில் ஒரே ஒரு எச்சரிக்கை: அசல் என்று கொடுப்பதைக் கையில் தடவிப் பாருங்கள். கலர் ஜெராக்ஸ் இப்போது அவ்வளவு நன்றாக வருகிறது. மதிப்பெண் பட்டியலைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்ப்பது என் பழக்கம். அசல் இல்லையா, சான்றும் இல்லை.

அபிடவிட்டில் காலி இடம் இருந்தால் கோடு போட்டு அடைக்கச் சொல்லுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் அதன் பக்கத்தில் அவர் சுருக்கொப்பம், நம் சுருக்கொப்பம். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து. நாம் வக்காலத்து போட்ட வழக்கின் அபிடவிட்டை நாமே நோட்டரி செய்வதை நான் தவிர்த்துவிடுகிறேன். கட்சிக்காரர் இன்னொரு நோட்டரியைத் தேடி நாலு அடி நடக்கட்டும், பரவாயில்லை.

உண்டியல் (பணம் தரச் சொல்லி எழுதும் வணிகச் சீட்டு), புரோநோட்டு (கடன் உறுதிச் சீட்டு) இவற்றுக்குப் பணம் வராதபோது அதைக் குறிப்பெழுதுவது, புரொட்டஸ்ட் செய்வது (பணம் வரவில்லை என்று முறைப்படி சான்று தருவது) எல்லாம் 1952-ஆம் ஆண்டு நோட்டரிச் சட்டத்தின் 8-ஆவது பிரிவில் நம் வேலையாக இருக்கின்றன. எங்கள் ஊரில் அதைக் கேட்டு யாரும் வந்ததில்லை. அதே பிரிவில் மொழிபெயர்ப்பும் அதைச் சரிபார்ப்பதும் இருக்கின்றன. அதைக் கற்றுக்கொள்ளுங்கள், வெளிநாடு போகும் பிள்ளைகள் பிறப்புச் சான்றிதழோடு வருவார்கள்.

கடைசியாகத் தேதிகள். ஜனவரி முதல் வாரத்தில் போன ஆண்டு செய்த வேலைகளின் ஆண்டறிக்கையை அனுப்ப வேண்டும். சான்றிதழ் 5 ஆண்டுக்குத்தான். புதுப்பிக்கும் விண்ணப்பம் காலாவதிக்கு ஆறு மாதம் முன்பே போய்விட வேண்டும். நான் எட்டு மாதம் முன்பே காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுவேன். சான்றிதழில் எந்தப் பகுதி எழுதியிருக்கிறதோ அதற்குள் மட்டும்தான் வேலை. உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு வெளியூர் போகும்போது முத்திரையைக் கொண்டு போகாதீர்கள், யாராவது கேட்பார்கள். அந்த 5 சென்டிமீட்டர் வட்ட முத்திரை என் பீரோவில் இருக்கிறது. சாவி என்னிடம் மட்டும்தான். குமாஸ்தாவிடம் இல்லை, என் வீட்டுக்காரரிடமும் இல்லை. நான் ஊரில் இல்லாத நாளில் வருகிறவர்களுக்கு வாசலில் ஒரு அட்டை தொங்கும்: "மேடம் வெள்ளிக்கிழமை வருவார்."